பாதிக்குப் பாதி

இரும்பில் பீய்ச்சியடித்துத் துரு எடுக்க எந்தத் துகள் நல்லது என்று கேட்டால், இன்றைக்கும் கார்னெட் கல்தூள் என்றுதான் சொல்வேன், ஐயா. சிவப்பாக, கனமாக இருக்கும். இரும்பில் மோதினாலும் அதிகம் தூளாகாது. மணல் அப்படியில்லை. காற்றழுத்தத்தில் அடித்தால் புகை மாதிரி உடையும். அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

என் அண்ணன் எட்டு வருஷம் கப்பல் தகடுகளுக்கு மணல் அடித்தான். ஒருமுறை கார்னெட் கேட்டபோது ஃபோர்மேன், "மண்ணுதானேப்பா, சின்ன வயசுல தின்னதில்லையா?" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம், அண்ணனும்தான். படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்தான். வயது முப்பத்து நாலு. தலையை நான்தான் தாங்கியிருந்தேன்.

பிறகு நான் துகள் விற்கும் கடை வைத்தேன். ஒருநாள் அந்த ஃபோர்மேனே வந்தார். ஓய்வு பெற்றுவிட்டாராம், மகனுக்குத் துரு எடுக்கும் பட்டறை வைத்துக் கொடுத்திருக்கிறாராம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பையனே உள்ள நின்னு அடிக்கப் போறான்மா. உடம்புக்குக் கெடுதல் இல்லாத சரக்கா பார்த்துக் குடு" என்றார்.

நல்ல அப்பா. அதை நான் மறுக்கவில்லை.

செம்மணலைக் கழுவிச் சலித்து, கார்னெட்டோடு பாதிக்குப் பாதி கலந்து மூட்டை தைத்தேன். கண்டுபிடித்துவிடுவாரோ என்று முதல் மூட்டைக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டேன். ஆனால் அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தள்ளி நின்றே முப்பது வருஷம் வேலை வாங்கியவர். ஒருநாளாவது கையால் அள்ளியிருந்தால்தானே வித்தியாசம் தெரியும்.

மகன் தங்கமான பையன். அக்கா, அக்கா என்பான். சரக்கு வண்டியோடு நான் போனால், மூட்டையில் என்னைக் கை வைக்க விடமாட்டான். மூன்றாம் வருஷம் இருமல் வந்தது.

"சளிதான்க்கா, போயிடும்."

"வெந்நீர் குடிப்பா" என்றேன்.

அப்புறம் ஒரு மூட்டையை இறக்கியதும் அதன் மேலேயே உட்கார ஆரம்பித்தான். இப்போது பல் தேய்க்கக்கூட மூச்சு போதவில்லையாம்.

அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் செய்தேன், வேறு எதற்காகவும் இல்லை.

அவர் இரண்டாம் வருஷமே மாரடைப்பில் போய்விட்டார், பையன் முதல்முறை இருமுவதற்கு முன்பே. சாவுக்கு நானும் போயிருந்தேன். அதற்குப் பிறகும் நாலு வருஷம் அதே மூட்டைதான் அனுப்பினேன்.