தேதி துடைத்த டப்பா

இரவு பதினொன்றரை. பொன்முடி மலையிலிருந்து வித்துராவுக்கு இறங்குகிற சாலை... மழை விட்டு மூடுபனி கவிந்த நேரம். முன்னாலும் பின்னாலும் வேறு வண்டி இல்லை. விஜய்குமார் காலி மினி வேனை மெதுவாக ஓட்டி வந்தான்.

விஜய்குமார் யாரோ எவனோ அல்ல. அதோ, போர்வைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே நம் அழகியநம்பி, அவன் தங்கை பிரேமாவைக் கட்டியவன். நான் கூட்டிச் சொன்னால் அவனே தடுக்கட்டும்.

திருவனந்தபுரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அவனுக்கு டிரைவர் வேலை. தேதி முடியப்போகிற சரக்கை அங்கே முதலில் முன்வரிசைக்குத் தள்ளுவார்கள். அப்புறம் பாதி விலை ஸ்டிக்கர். அதற்கும் போகாத தயிர், பிரெட், மாவு எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக மலைமேல் ஒரு பன்றிப் பண்ணைக்கு. "எல்லாத்தையும் கிழிச்சிட்டுக் கொட்டணும், கேட்டோ? ஒண்ணும் ஆளுக கைக்குப் போகக்கூடாது" என்பது சூப்பர்வைசர் அகிலின் கட்டளை.

அன்றைக்கு ஒன்றை மட்டும் அவன் கிழிக்கவில்லை. குழந்தைகளுக்கான பால்பவுடர் டப்பா. அதே ஊரில் கரமனையில், வாடகை அறையில், அவன் கைக்குழந்தை பசியில் கிடந்தது. பிரேமாவுக்குப் பால் வற்றிவிட்டது. சம்பளம் வர நாளிருந்தது. டப்பாவின் தேதியோ தாண்டிவிட்டது. பார்த்தால் பிரேமா தொடமாட்டாள். வண்டியில் கிடந்த பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்து, அடியிலிருந்த தேதியைத் துடைத்தெடுத்தான். பெற்ற பிள்ளையின் வயிற்றோடு விளையாடுகிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனாலும் டப்பாவைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

ஒரு கொண்டை ஊசி வளைவில்... ஒரு பெண் கை காட்டினாள்.

எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருப்பவள் போலிருந்தாள். தலை நனைந்திருந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாள் என்று நிறுத்தினான். சிரிக்காதீர்கள், அந்த மலையில் பஸ் போனால் போனதுதான்; நீங்களும் நிறுத்தியிருப்பீர்கள். அவள் ஏறினாள். டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனபின் அந்தச் சத்தம். கரக்... கரக்... டப்பாவின் அடித்தகட்டை நகத்தால் சுரண்டுகிற சத்தம். தின்னர் வாடை. கூடவே, திரிந்த பாலின் புளித்த வாடை.

"தேதி எங்க போச்சு அண்ணா?"

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அது... அழிஞ்சு போச்சு போல."

கரக்... கரக்...

"என் பிள்ளை கடைசியாக் குடிச்ச டப்பாவுலயும் இல்லையே அண்ணா."

திரும்பிப் பார்த்தான். ஆள் இல்லை. கதவு திறந்த சத்தமும் இல்லை. டப்பாவைக் காணோம். சீட் மட்டும் ஈரமாக இருந்தது.

எப்படி ஊர் வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. வழிநெடுக ஒரே நினைப்பு... பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது. கரமனையில் கதவைத் தட்டினான். பிரேமா திறந்தாள்.

"மெல்ல வாங்க. சாயங்காலத்துல இருந்து கத்திக் கத்தி... இப்பத்தான் திடீர்னு தானே அடங்கிச்சு."

"என்ன குடுத்த?"

"குடுக்க என்ன இருக்கு இங்க?"

குனிந்து பார்த்தான். தூங்குகிற குழந்தையின் உதட்டோரம் வெள்ளையாக ஈரம். விரலால் தொட்டான். பால்... இளஞ்சூடு ஆறவில்லை.

மறுநாள் அழகியநம்பிதான் புது டப்பா வாங்கிக் கொடுத்தான். தேதி நிறைய மிச்சமிருந்த நல்ல டப்பா. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்தடுத்த நாளும் தொடவில்லை. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினார்கள். அவர் எடை பார்த்துவிட்டு, "நல்லாத் தேறியிருக்கே! தாய்ப்பாலையே தொடர்ந்து குடுங்க" என்று பிரேமாவின் தோளைத் தட்டி அனுப்பினார். அவள் வற்றிய மார்பை முந்தானையால் இழுத்து மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் விழித்துக் கிடக்கிறாள். விடியப்போகிற நேரத்தில் கொஞ்சம் கண் அசந்துவிடும். எழுந்து பார்த்தால் உதட்டோரம் அதே ஈரம். குழந்தை கொழுகொழுவென்று வளர்கிறது. பிரேமாதான் இளைத்துக்கொண்டே போகிறாள்.

போன வாரம் குழந்தை முதல் வார்த்தை பேசியது. "அம்மா." பிரேமா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குழந்தை அவளைப் பார்க்கவே இல்லை... சாத்தியிருந்த கதவைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தது.