கடைசியாக என்ன சொன்னான்?

அக்கா: கொஞ்சம் நிறுத்துங்க ரெண்டு பேரும். ‘நாட்டுக்காக உயிரைக் கொடுக்கிறேன்’னு என் தம்பி சொன்னானா?

கேப்டன்: ஆமாக்கா. விமானத்தை ஓட்டினவன் நான். என் காதால கேட்டேன்.

ரேடியோ: நானும் கேட்டேன்க்கா. விமானத்துல ரேடியோ பார்க்கிறவன் நான்தானே, ஹெட்போன்ல தெளிவா...

அக்கா: போன மாசம் நீங்க வீட்டுக்கு வந்தப்போ, ‘அம்மா’ன்னு சொல்லிட்டு உயிரை விட்டான்னீங்களே ரேடியோத் தம்பி?

ரேடியோ: அது... ரெண்டும் சொன்னான். முதல்ல நாடு. அப்புறம் அம்மா.

கேப்டன்: டேய், நீ சும்மா இருடா.

அக்கா: ஏன், சொல்லட்டும். அவனுக்கு அம்மா முகமே தெரியாது. அம்மா போனப்போ தொட்டில்ல கிடந்தான். தூக்கி வளர்த்தது நான்.

ரேடியோ: ஐயோ.

அக்கா: என்ன ஐயோ? உள்ளே கல்வெட்டுக்காரர் உளியைத் தீட்டி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கார். அவன் நினைவுக் கல்லுல பேரு வெட்டியாச்சு. ‘குண்டுவீச்சு விமானத்தின் பின்புறத் துப்பாக்கி வீரன்’னும் வெட்டியாச்சு. அதுக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கார். அங்கே அவன் வாயில வந்த வார்த்தைதான் இருக்கணும்னு உங்களை வரச் சொன்னேன். நீங்க என்னடான்னா மேடைப் பேச்சு தயார் பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க.

கேப்டன்: வீரனோட கல்லுக்கா... நாலு பேர் படிப்பாங்க. நல்லதா ஒரு வரி இருந்தா...

அக்கா: நாலு பேர் படிக்கிறதுக்கா அவன் செத்தான்? தெருவே சேர்ந்து அவனை வேற ஆளா மாத்திட்டு இருக்கு தம்பி. எதிர்வீட்டு அம்மா துக்கம் விசாரிக்க வந்து, ‘பையன் வாயே திறக்க மாட்டானே’ங்குது. அவன் வாய்க்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வெச்சிருந்த அம்மா அது. இப்போ நீங்களும் எவனையோ கூட்டிட்டு வந்து, இவன்தான் உன் தம்பிங்கறீங்க. என் தம்பியைத் திருப்பிக் கொடுங்க, எனக்கு அது போதும்.

ரேடியோ: வாய் இருந்துச்சுக்கா. நிறையவே இருந்துச்சு.

கேப்டன்: டேய்...

ரேடியோ: இதைச் சொன்னா என்ன? மேலே பறக்கும்போது கேப்டன் ஒவ்வொருத்தனா கூப்பிடுவார்க்கா. வாலுல கண்ணாடிக் கூண்டுக்குள்ள அவன் ஒத்தையா உட்கார்ந்திருப்பான், மூச்சுக்காத்து சரியா வருதான்னு தெரியணும்ல. ‘வால், இருக்கியா?’ம்பார். மத்தவன்னா ‘இருக்கேன்’னு முடிச்சிடுவான்.

அக்கா: அவன் முடிக்க மாட்டானே.

கேப்டன்: எங்கேக்கா முடிக்கிறது? ‘இருக்கேன்’ம்பான். அப்புறம் ஆரம்பிப்பான். முதுகு வலிக்குதும்பான். நான் விமானத்தை மாட்டு வண்டி மாதிரி ஓட்டுறேம்பான். ஒருநாள் நிலா கண்ணைக் கூசுது, கொஞ்சம் தள்ளி ஓட்டுன்னான்.

அக்கா: இவன்தான். இவன்தான் என் தம்பி. இதைச் சொல்றதுக்கு இத்தனை நாளா?

ரேடியோ: டீ சூடா இல்லைன்னு தளபதிகிட்டயே சண்டைக்குப் போனான்க்கா.

அக்கா: போவான். சரி... அன்னிக்கு?

கேப்டன்: அன்னிக்கு... திரும்பி வர்ற வழியில பின்னாலேருந்து அடிச்சாங்க. பயங்கரமா ஆட்டம் கண்டுச்சு. நேராக்கி நிறுத்திட்டு ‘வால், இருக்கியா?’ன்னேன். பதில் வரலை.

அக்கா: அதுக்கு முன்னாடி கூப்பிட்டப்போ வந்திருக்கும்ல?

கேப்டன்: வந்துச்சு.

அக்கா: என்னன்னு?

கேப்டன்: அக்கா, கல்வெட்டுக்காரர் காத்துட்டு இருக்கார்...

அக்கா: இருக்கட்டும். கல்லு எங்கேயும் ஓடிடாது.

ரேடியோ: சொல்லிடுங்க கேப்டன்.

கேப்டன்: சொல்லக் கூடாதுன்னு நாம பேசி வெச்சோமா இல்லையா?

ரேடியோ: பேசி வெச்ச லட்சணத்தைத்தான் நாம வந்ததும் வராததுமா அக்கா கிழிச்சுப் போட்டுட்டாங்களே.

அக்கா: வலிச்சுதுன்னு கத்தினானா? பயந்தானா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க தம்பி. இதுக்கு மேல எனக்கு என்ன ஆகப்போகுது.

கேப்டன்: பயமெல்லாம் இல்லக்கா. உங்களைத் திட்டினான்.

அக்கா: என்னையா?

கேப்டன்: கிளம்புறதுக்கு முன்னாடிதான் உங்க பார்சல் வந்து சேர்ந்துச்சு. கம்பளிக் கையுறை...

அக்கா: வந்துச்சா? அவன் கையில கிடைச்சுதா?

கேப்டன்: கிடைச்சுது. ஆனா... ரெண்டும் இடது கைக்கா.

ரேடியோ: கை விறைக்கலைக்கா, அப்படி எதுவும் நெனச்சுக்காதீங்க. இதுக்கு மேலே போட படையில கொடுத்த தோல் உறை இருந்துச்சு. இதை உள்ளே போட்டிருந்தான். கடைசி வரைக்கும் நல்லாத்தான் சுட்டான்.

அக்கா: என்ன சொல்லித் திட்டினான்? ஒரு வார்த்தை குறையாம சொல்லுங்க.

கேப்டன்: ‘இருக்கேன். ஆனா எங்கக்காவை நெனச்சா வயிறு எரியுது. தூக்கி வளர்த்தவ, எனக்கு வலது கை இருக்கிறது தெரியலை. ஊருக்குப் போனதும் அவளை ஒரு வழி பண்றேன்’னான்.

அக்கா: கோபமாவா?

ரேடியோ: சிரிப்புக்கா. அவன் சிரிச்ச சிரிப்புல எங்க எல்லாருக்கும் காது அடைச்சுப் போச்சு.

கேப்டன்: அதான் மறைச்சோம். கண்ணு முழிச்சு அவனுக்காகப் பின்னியிருப்பீங்க. அவசரத்துல யாருக்கும் வர்ற தப்புதான். இதைக் கேட்டா மனசு ஒடிஞ்சு போயிடுவீங்களேன்னு... அக்கா? கல்லுல என்ன வெட்டச் சொல்லட்டும்?

அக்கா: வெட்டினது போதும்னு சொல்லிடுங்க, கீழே எதுவும் வேண்டாம். கையுறை தப்பா வரலை தம்பி, வேணும்னேதான் ரெண்டும் இடது கையா அனுப்பினேன். போன லீவு முடிஞ்சு கிளம்பறப்போ என் செருப்புல ஒண்ணைத் தூக்கிப் பையில போட்டுட்டுப் போயிட்டான், அதுக்குத்தான். ரெண்டு ஜோடி பின்னினேன். வலது கை ரெண்டையும் காகிதத்துல சுத்தி எடுத்து வெச்சிருந்தேன். அவன் திட்டிக் கடுதாசி போட்டதும் அனுப்பலாம்னு இருந்தேன். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு வாசலையே பார்த்துட்டு இருந்தேன்... தந்திதான் வந்துச்சு. அந்தத் திட்டு இப்போதான் வந்து சேர்ந்திருக்கு.