சாவியை விட்டாலும் சொல்லை விடாத பொன்னியம்மாளுக்கு

காஞ்சிபுரம் வெள்ளைகேட் மலரடி ஊர்திப் பணிமனையில் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்து இன்று ஓய்வு பெறும் திருமதி பொன்னியம்மாள் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து படிக்கும் மடல்.

எண்ணெய் படிந்த கரங்களால் எங்கள் பெயரில் கறை படியாமல் காத்தவரே! அளந்து பேசி, அளந்து ஊற்றி, அளவு தவறியபோது அஞ்சாது தடுத்தவரே! வணக்கம்.

திருப்புட்குழியில் பிறர் நிலத்தில் நாற்று நட்ட பெற்றோரின் மகளாய்ப் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, உதிரிப் பாகங்களை டீசலில் கழுவும் வேலைக்கு இங்கு வந்தீர்கள். கழுவும் பாகம் எங்கே பொருந்தும் என்று ஓயாமல் கேட்டீர்கள். வண்டிகளோடு வரும் ஆங்கிலக் கையேடுகளை எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள். ஆறாம் ஆண்டில் எண்ணெய் அறையின் பொறுப்பையும் சாவியையும் பெற்றீர்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய சித்திரை மாதத்தை மறைத்துவிட்டு உங்களைப் பாராட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. தாமல் பக்கத்துச் சிறுநீரக நோயாளிகளை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஏற்றி வரும் மூன்று ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்குக் கியர் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. அவற்றுக்குத் தண்ணீர்போல் இளகிய எண்ணெயே ஏற்றது என்றது கையேடு. மேலாளர் சத்யராஜ் பீப்பாவில் வாங்கி வைத்திருந்ததோ பழைய வண்டிகளுக்கான கெட்டி எண்ணெய்.

"வெயில் காலம்மா. கெட்டியா இருந்தாதான் தாங்கும். ரெண்டும் செவப்பாதானே இருக்குது?" என்றார் அவர்.

"கலர பாத்து ஊத்தக்கூடாது சார். புது கியர் பாக்ஸ் உள்ள ஓட்டையெல்லாம் சன்னம். கெட்டி ஆயிலு லேட்டா போவும், கியர் வழுக்கும், சூடேறி எரியும். புக்குல இன்னா நம்பர் போட்டுக்கிதோ, டப்பாவுல அதே நம்பர் இருக்கணும். இத நான் எடுத்துத் தர மாட்டேன்."

"அப்போ சாவிய வெச்சிட்டுக் கழுவுற எடத்துக்குப் போம்மா."

சாவியை மேசைமேல் வைத்தீர்கள். விலகல் கடிதம் எழுதவில்லை. மீண்டும் டீசல் தொட்டியருகே அமர்ந்தீர்கள். ஆனால் நாள்தோறும் காலையில் அந்த மூன்று வண்டிகளின் எண்களையும் அவற்றுக்குரிய எண்ணெயின் பெயரையும் தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டினீர்கள். கிழித்தால் மறுநாளும் ஒட்டினீர்கள்.

அந்தத் தாளைப் படித்த பிறகும், மேலாளர் சொல்லுக்குப் பணிந்து, ஒரு வண்டியில் கெட்டி எண்ணெயை ஊற்றினார் மெக்கானிக் வெங்கடேசன். நான்காம் நாள், தாமல் ஏரியருகே அந்த வண்டி குலுங்கி, கியர் ஏறாமல், நடுச்சாலையில் நின்றது. உள்ளே நான்கு நோயாளிகள். காந்தா என்னும் அம்மையாருக்குக் கால்கள் வீங்கி மூச்சு இரைத்தது. செய்தி வந்ததும் எவரையும் குற்றம் சொல்லாமல், எண்ணெய் மாற்றப்படாத இன்னொரு வண்டியை எடுக்கச் சொல்லி, ஓட்டுநருடன் தாங்களே சென்றீர்கள். "கண்ண மூடாதமா, என்னப் பாத்துக்கினே வா" என்று காந்தாவின் கையை விடாமல் மருத்துவமனை வரை வந்தீர்கள். இரண்டரை மணி நேரம் தாமதம். ஆயினும் நால்வரும் பிழைத்தனர்.

திரும்பி வந்த தங்கள் முன் மேலாளர் தலைகுனிந்து நின்றார்.

"என் தப்புதாம்மா. சாவிய வாங்கிக்கோங்க."

"அது இருக்கட்டும் சார். மொதல்ல அந்தப் பீப்பா மேல எந்த வண்டிக்குன்னு எழுதுங்க. பழைய வண்டிக்கு அது நல்ல ஆயிலுதான். பழைய வண்டில எளகின ஆயில ஊத்தினாலும் கெட்டுப்போவும்."

அவர் எழுதிய பின்பே சாவியை வாங்கினீர்கள். நின்றுபோன வண்டியில் ஒருமுறை மட்டும் வடித்தால் கெட்டி எண்ணெய் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும் என்று, வடித்து, ஊற்றி, ஓட்டி, மீண்டும் வடித்து, மூன்று சுற்று முடித்த பின்பே, மன்னிப்புக் கேட்க வந்து நின்ற வெங்கடேசனை நிமிர்ந்து பார்த்தீர்கள். "சூடு சரியா இருக்குறப்போ அளவ பாருப்பா" என்றீர்கள். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது.

அன்று தாங்கள் அழுதீர்களா என்று எவருக்கும் தெரியாது. கழுவுமிடத்தில் கழிந்த நாட்கள் வலித்தன என்பதை மட்டும், ஓராண்டு கழித்து, ஒரே ஒரு முறை சொன்னீர்கள். அந்த வலிக்கு இந்த அவையில், எழுத்தில், மன்னிப்புக் கேட்கிறோம்.

வந்திருக்கும் பெருமக்களே, இவ்விழா நாற்பது நிமிடம் தாமதமாய்த் தொடங்கியதற்குக் காரணம் மாலை வாங்கச் சென்றவர்கள் அல்லர். பிற்பகலில் வந்த ஒரு காருக்குரிய எண்ணெய் டப்பாவில் எண் அழிந்திருந்தது. விற்றவரைத் தொலைபேசியில் பிடித்து, வேறு டப்பா வரவழைத்து, எண்ணைத் தம் கண்ணால் படித்த பின்பே விழா நாயகி பட்டுப்புடவை மாற்றப் போனார்!

அன்னையே! உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாமல் தாங்கள் நூறாண்டு வாழ்க! எண்ணைப் படிக்காமல் இங்கே ஒரு சொட்டும் ஊற்றமாட்டோம். இது உறுதி.

தங்கள் சொல்லை அன்று கேளாத சத்யராஜ், வெங்கடேசன்,
இனி என்றும் கேட்கும் பணிமனைத் தொழிலாளர் அனைவரும்