அந்தக் காவக்காரன் முழிக்கல

பூசை இல்ல, சாவு இல்ல, மணி அடிக்கக் கூடாதுன்னு தெரியும், மனோங் டெலியோ, அண்ணனாச்சேன்னுதான் கேக்கறேன். ஃபாதர் திட்டினா நான் வாங்கிக்கிறேன். மணிக்கூண்டு சாவிய எடுங்க மொதல்ல.

என்னது, சேதி போயாச்சா? யாரு, ஊர்த் தலைவர் எல்பிடியோ சொன்னாரா? அவரு பாத்தது வெறும் பச்சை டிக்கு. புயல் வருது, படகெல்லாம் கரைக்குத் திரும்புங்கன்னு பட்டன அமுக்கினாரு, டிக்கு வந்துச்சு, காப்பி குடிக்கப் போயிட்டாரு. கடல்ல ஒருத்தர் ஃபோனுக்கும் ஒண்ணும் போகல.

எனக்கு எப்படித் தெரியுமா? அவரு அமுக்கின அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தச் செஞ்சதே என் மக ரோவெலின்தானே! நீங்க தேடுங்க, நான் சொல்றேன். ஊருக்குச் சேதி அனுப்ப ஒரு ஆப் செய்யறா, அதுக்கு ஒரு பட்டன், ஒரு பெட்டின்னு தனித்தனியா செஞ்சு, எப்படி இருக்குன்னு பாக்க ஒரு ஒத்திகைப் பக்கம் வச்சிருக்கா. தச்ச சட்டைய பொம்மைக்குப் போட்டுப் பாக்கறாப்ல. நடுவுல ஒரு காவக்காரன் மாதிரி ஒண்ணு. சர்வருக்குப் போற சேதிய மடக்கி, போயாச்சுன்னு அவனே பதில் சொல்லிடுவான். ஒத்திகையில நெசமா சேதி போயிடக் கூடாதில்ல?

தலைவருக்குப் பொறுமை ஏது. ஆப் முடியலன்னா என்ன, இந்த ஒத்திகைப் பக்கத்தையே குடு, அழகாத்தானே இருக்குன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. இவளும் சரின்னு நேத்து காவக்காரனுக்குக் குடுத்த உத்தரவ மாத்தி எழுதினா, இனிமே மடக்காத, வெளிய விடுன்னு. அதுல மத்தது எத மாத்தினாலும் அப்பவே மாறிடுமாம். இவன் மட்டும் தனி ரகம். மொத்தத்தையும் நிறுத்தித் திருப்பிக் கிளப்பினாத்தான் புது உத்தரவப் படிப்பானாம். இவ நிறுத்தல, அவன் பழையபடியே மடக்கிட்டான்.

இப்பக் கிளப்பணுமா? நல்லாக் கேட்டீங்க போங்க. கரண்டும் இல்ல, டவரும் செத்துப் போச்சு, இனி கடல்ல இருக்கறவங்களுக்கு மணிச் சத்தம்தான் கேக்கணும். காத்து போடற சத்தம் கேக்கலையா?

அட, அது உண்டியல் சாவி! மணிக்கூண்டு சாவி இத விடப் பெருசு.

என் வீட்டுக்காரரா? அவரு கடலுக்குப் போகல, முதுகு வலின்னு படுத்திருக்காரு. டவரு இருக்கும்போதே அவரு ஃபோனும் அடிக்கலையேன்னு பாத்தப்பதான் ரோவெலினுக்கு விஷயமே புரிஞ்சுச்சு. அப்பா படகத் தள்ளிக்கிட்டு, நானே போய் எல்லாருக்கும் சொல்றேன்னு கெளம்பிட்டா. நீச்சல்கூடத் தெரியாது அவளுக்கு.

தொறந்துடுச்சா? கயித்த இப்படிக் குடுங்க மனோங், நானும் இழுக்கறேன்.