கடன் வாங்கிய கண்கள்

பேச வந்தவர்களை எல்லாம் பொறுமையோடு கேட்டுக் கேட்டு, புன்னகையையே பதவியாகப் பெற்றுவிட்ட இந்த நூலகத் தலைவி அம்மையார் அவர்களே! வயதாலும் வாசிப்பாலும் என்னை விட மூத்திருந்தும், எனக்காக வெயிலில் நடந்து வந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை, மூன்றாவது கை இல்லாத குறையை முகத்தில் காட்டாமல் சிரிக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பி தங்கைகளே! முன்வரிசையில் காலியாகக் கிடக்கும் ஒற்றை நாற்காலியே! ஆம், உனக்கும் வணக்கம். உனக்கு உரியவர் வந்துகொண்டிருக்கிறார். அதுவரை உன் மேல் யாரும் பையை வைக்காமல் பார்த்துக்கொள்.

அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

தலைவி அவர்கள் சற்று முன் என்னை அறிமுகப்படுத்தினார்கள். 'திரையிலே தீட்டும் தேர்ந்த தூரிகை' என்றார்கள். யாரோ பெரிய ஆள் வந்திருக்கிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வரைகிறவள் நான். என் அறையில் எனக்கு இருக்கும் ஒரே கூட்டம் ஒரு தண்ணீர் பாட்டில். அதுவும் கைதட்டாது.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'பொழுதுபோக்கு தொழிலானது எப்படி?' உழைப்பைச் சொல்வேன், உறுதியைச் சொல்வேன், உயர்வைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். என்னிடம் அவை இல்லை. என்னிடம் இருப்பவை அதிர்ச்சிகள். நான் முன்னேறிய இடங்களை எல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். நடந்து ஏறிய படி என்று அங்கே ஒன்றுமில்லை. ஒவ்வோர் இடத்திலும் தூக்கிவாரிப் போட்டது. விழுந்த இடம் ஒரு படி மேலே இருந்தது. அவ்வளவுதான்.

என் அப்பா ஸ்டுடியோக்காரர். முன்னறையில் கவுன்டர். நடு அறையில் இரண்டு குடை விளக்குகளும், எங்கள் குடும்பத்தில் யாரும் நேரில் பார்த்திராத ஓர் அருவியின் திரையும். பின்னறையில் கணினி. கவுன்டருக்குப் பக்கத்தில் அம்மா கண்ணாடி வெட்டிப் படங்களுக்குச் சட்டம் போடுவார். பள்ளி விட்டதும் என்னைப் பின்னறையில் உட்கார வைப்பார்கள். விளையாட அந்தக் கணினியில் ஒன்றுமில்லை. படம் வரையும் கருவி ஒன்று மட்டும் இருந்தது. மவுஸின் அடியில் இருந்த உருண்டையில் தூசு அடைத்துப்போய், கீழே போ என்றால் பக்கவாட்டில் போகும். குதிரை வரைந்தால் பெஞ்சு வரும். பெஞ்சு வரைந்தால்? அப்போதும் பெஞ்சுதான் வரும், ஆனால் உதைக்கிற மாதிரி இருக்கும்.

அம்மா எட்டிப் பார்ப்பார். "நாள் பூரா எலியைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. பூனையாப் பொறந்திருந்தா வீட்டுக்காவது உதவியா இருந்திருக்கும்."

சிரிக்கிறார் பாருங்கள், அதோ, முன்வரிசையில். அன்றும் இப்படித்தான் சிரித்தார்.

ஒரு நாள் தெரியாமல் பூதக்கண்ணாடிப் பொத்தானை அழுத்திவிட்டேன். திரையில் இருந்தது ஒரு கல்லூரிப் பெண்ணின் படம். அழுத்த அழுத்த முகம் பெரிதானது, பெரிதானது, பிறகு முகமே காணாமல் போனது! எங்கே போனாள் அந்தப் பெண்? திரை முழுவதும் கட்டங்கள். கன்னத்தில் பச்சைக் கட்டம். உதட்டோரம் நீலக் கட்டம். கண்ணின் வெள்ளை, கண்ணின் வெள்ளை என்கிறோமே, அதில் ஒரு வெள்ளைக் கட்டம்கூட இல்லை! சாம்பல் இருந்தது, ரோஜா நிறம் இருந்தது, மண்ணின் நிறம் இருந்தது. அலறிவிட்டேன்.

"அப்பா! இந்தப் பொண்ணு கன்னம் பச்சையா இருக்குப்பா!"

"மெதுவாப் பேசு. அவங்க வெளியிலதான் உக்காந்திருக்காங்க."

யார் சொல்லிக்கொடுத்தார்கள் எனக்கு? எந்த வகுப்பு, எந்தச் சான்றிதழ்? அந்தக் கட்டங்கள்தாம். ஒவ்வொரு கட்டமாக, நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்து பார்த்தேன். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நின்றால் மூக்கு எழுந்து நிற்கிறது என்று பார்த்தேன்.

பிறகு ஒரு நாள், வேறெதையோ தேடப்போய், ஒரு கோப்புறையைத் திறந்தேன். தாய்மார்கள் பிள்ளைகளின் காதை மூடிவிடலாம். உள்ளே இருந்தவை கண்கள். முகமில்லை, மூக்கில்லை, வாயில்லை. வரிசை வரிசையாகக் கண்கள். எல்லாம் என்னைப் பார்த்தன. பின்னால் கதவு திறந்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் கடைக்கு ஒரு படத்தோடு வருவார்கள். அதில் இருப்பவர் படம் எடுத்த நொடியில் கண்ணை மூடியிருப்பார். உயிரோடு இருப்பவர் என்றால் இன்னொரு முறை உட்கார வைக்கலாம். இல்லாதவர் என்றால்? "எப்படியாவது கண்ணைத் திறந்து குடுங்க" என்பார்கள். அப்பா திறந்து கொடுப்பார். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. யாருடைய கண் என்று யாருமே கேட்டதில்லை. நான் கேட்டேன்.

"யாரோடதா இருந்தா என்னம்மா? கண்ணு எல்லாருக்கும் ரெண்டுதானே."

குழந்தை நான், அதையே விளையாட்டாக்கிக்கொண்டேன். எங்கள் தலைமையாசிரியரின் படத்திலிருந்து கண்களை வெட்டி ஓர் உருளைக்கிழங்கின் படத்துக்கு வைத்தேன். அதன் பிறகு பள்ளி முடியும்வரை அவரையும் என்னால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை, உருளைக்கிழங்கையும் பார்க்க முடியவில்லை.

சிரியுங்கள். இப்போதே சிரித்துவிடுங்கள். ஏனென்றால் அடுத்து வருவது அப்படியல்ல.

நான் பள்ளியை முடித்திருந்த சமயம். ஊருக்கெல்லாம் கண் திறந்தவருக்குக் கண்ணிலேயே அறுவை சிகிச்சை. ஒரு கண்ணில் கட்டோடு அப்பா வீட்டில் படுத்திருந்தார். கடையில் நானும் அம்மாவும். ஒரு முற்பகல் நேரத்தில், எங்கள் தெருவின் தையல்காரம்மா வந்தார். எனக்குப் பள்ளிச் சீருடை தைத்தவர். அவருக்கு ஒரே மகன். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சில மாதங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். வளர்ந்த பிறகு அவன் எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்று. அடித்து முடித்த ஒரு கட்டடத்தின் முன்னால் வேலைக்காரர்களோடு வரிசையில் நின்ற படம். முகத்தில் வெயில். கண் மூடியிருந்தது. அப்பா மருத்துவமனைக்குப் போவதற்கு முன் அந்தக் கண்களைத் திறந்து, பெரிதாக்கி, கொடுத்துவிட்டிருந்தார்.

தையல்காரம்மா அந்தப் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கவுன்டரின் மேல் வைத்தார். கவிழ்த்து வைத்தார்.

"என்னக்கா, கண்ணாடி விரிசல் விட்டுடுச்சா?" என்றார் அம்மா.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. மெஷினுக்கு எதிர்ல மாட்டினேன். தெச்சுக்கிட்டே நிமிர்ந்து பார்த்தா, வேற யாரோ என்னைப் பாக்கறாங்க. என் பையன் இல்ல. பயந்துபோய்ச் சுவத்துப் பக்கமாத் திருப்பி மாட்டிட்டேன். பெத்த பிள்ளையைத் திருப்பி மாட்டுவாங்களாம்மா?"

அம்மா படத்தைத் திருப்பினார். சட்டத்தைத் துடைத்தபடி, "மூக்கு, வாய் எல்லாம் தம்பி மாதிரியேதானேக்கா இருக்கு" என்று நிமிர்ந்தார்.

நிமிர்ந்தார். அப்போதுதான் நடந்தது. தையல்காரம்மா படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கவுன்டரிலிருந்து ஓர் அடி பின்னால் போனார்.

"ஏம்மா... இது உன் கண்ணு."

அன்பர்களே, அந்தச் சட்டத்துக்கு ஆணி அடித்தவர் என் அம்மா. அதற்குக் கண்ணாடி போட்டவர் என் அம்மா. துடைத்துத் துடைத்துப் பார்த்த அவருக்கே தெரியவில்லை! தன் கண்ணைத் தான் பார்த்தவர் யார்? நான் ஓடிப்போய்க் கோப்புறையைத் திறந்தேன். சிறுமியாக இருந்தபோது வெறும் கண்களாகத் தெரிந்தவற்றை இப்போது முகங்களாக அடையாளம் கண்டுகொண்டேன். என் கண்கள் இருந்தன. அத்தையின் கண்கள் இருந்தன. எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தவை அம்மாவின் கண்கள். பக்கத்திலேயே இருக்கிற ஆள், கூப்பிட்டால் வந்து உட்காருகிற ஆள். எத்தனை வீட்டுச் சுவர்களில், எத்தனை தாத்தாக்களின் மீசைக்கு மேலே, என் அம்மா இந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

என்ன, சத்தத்தையே காணோம்? வீட்டுச் சுவர் நினைவுக்கு வருகிறதா? முன்வரிசையில்தான் இருக்கிறார், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். மாட்டீர்களா? சரி.

"இந்த மனுஷன் வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்துவிட்டார். நான் தையல்காரம்மாவைக் கணினி முன் அழைத்துப்போய், "வேற கண்ணு பார்க்கலாம்மா" என்றேன். ஒவ்வொன்றாக நகர்த்தினேன்.

"இது போஸ்ட்மேன். இது போஸ்ட்மேன் சம்சாரம். இது அளவு குடுத்துட்டுத் துணி வாங்க வராதவர்." திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கடன் வாங்கின கண்ணு வேண்டாம் பாப்பா. எனக்கு அழகா எல்லாம் வேண்டாம். அவன் என்னைப் பாக்கணும். முடியாதுன்னா சொல்லிடு. பழையபடி மூடியே குடுத்துடு. தூங்கறான்னு நினைச்சுக்கறேன்."

மூடியே கொடுத்துவிடு என்கிறார் ஒரு தாய்! திறந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட கடையில்!

கோப்புறையை மூடினேன். படத்தின் மேல் ஒரு வெற்று அடுக்கைத் திறந்தேன். கண்ணாடித் தாளை விரித்த மாதிரி, ஒன்றுமே இல்லாத அடுக்கு. அதுவரை நான் ஒருவருக்காகவும் வரைந்ததில்லை. "அவர் கண்ணு எப்படிம்மா இருக்கும்?"

"எப்படி இருக்கும்? கண்ணு மாதிரிதான் இருக்கும்."

எந்தத் தாய்க்குச் சொல்லத் தெரியும்? கேள்வியை மாற்றினேன். "உங்களை எப்பப் பார்ப்பார்?"

"வேலை முடிஞ்சு வந்து வாசல்ல நிப்பான். நான் தெச்சுக்கிட்டே இருப்பேன். பசிக்குதுன்னு வாய் தொறக்க மாட்டான், எந்திரிச்சு வான்னும் சொல்ல மாட்டான். பாப்பான். நானும் வேணும்னே குனிஞ்சே தெப்பேன். எவ்வளவு நேரம் நிக்கறான் பாக்கலாம்னு."

வரைந்தேன். "அழற மாதிரி இருக்கு. அவன் அழமாட்டான்." அழித்தேன். வரைந்தேன். "இது கோபம். கோவிச்சுக்கவும் தெரியாது அவனுக்கு." அழித்தேன். நாளெல்லாம் மேற்கூரையைப் பார்த்து வேலை செய்கிறவன், ஒரு கண் சற்றே சுருங்கியிருக்கும் என்றார். சுருக்கினேன். ரோஜா நிறம், சாம்பல், மண்ணின் நிறம் என்று கட்டம் கட்டமாக வைத்தேன். "கிட்ட வந்துட்டான்" என்றார். "வந்துட்டான், ஆனா இன்னும் வாசலுக்கு வரல."

வேறென்ன, வேறென்ன என்று கேட்டேன். யோசித்து யோசித்து, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "எத்தனை தடவை மூஞ்சி கழுவினாலும் இமையில ஒரு பெயின்ட் புள்ளி ஒட்டிக்கிட்டே இருக்கும்."

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகத்தில் இருக்கும் புள்ளியை எடுப்பதுதான் ஸ்டுடியோக்காரர் வேலை. பருவை எடுப்போம், மருவை எடுப்போம், தழும்பை எடுப்போம். புள்ளியை வைக்கிற வழக்கமே கிடையாது. நான் வைத்தேன். வலது கண்ணின் இமைமுடியில், ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

தையல்காரம்மா திரையைப் பார்த்தார். அழவில்லை. என்னைப் பாராட்டவில்லை. நான் அங்கே இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. மகனை வழக்கமாகக் கடிந்துகொள்கிற குரலில் சொன்னார்:

"ஏண்டா இவ்வளவு நேரம்?"

மவுஸ் என் கையிலிருந்து கீழே விழுந்தது. அன்று வந்த அதிர்ச்சி இன்றும் இந்த விரல்களில் இருக்கிறது. பொழுதுபோக்கு தொழிலானது எப்படி என்று கேட்டீர்களே, இப்படித்தான். பெஞ்சு வரைந்துகொண்டிருந்த ஒரு பெண், தான் வரைந்ததைப் பார்த்து ஒரு தாய் மகனிடம் பேசியதைக் கேட்டுவிட்டாள். பிறகு வேறு வேலைக்கு எப்படிப் போவாள்?

அப்பா சில நாள் கழித்து, ஒற்றைக் கண்ணோடு வந்து, அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் சரி. புள்ளியை எடுக்க மறந்துட்டியே."

"அதைத் தொட்டீங்க, இன்னொரு கண்ணுக்கும் கட்டுதான்" என்றார் அம்மா.

அப்பா புள்ளியைத் தொடவில்லை. கண் கோப்புறையை மட்டும் அவரே அழித்தார். ஒரு ஜோடியை வைத்துக்கொண்டார். யாருடையது என்று அம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனேன். எங்கே படித்தாய் என்றார் அங்கிருந்த அதிகாரி அம்மா. இந்தப் படத்தைத் திறந்து காட்டினேன். அவர் திரைக்கு அருகே குனிந்தார். பிறகு கையை நீட்டி, திரையில் தூசு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டினார். சுரண்டிப் பார்த்தார், போகவில்லை. வேலை கொடுத்துவிட்டார். இன்று உங்கள் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கோணல் கொம்பு ஆட்டுக்குட்டியும், தும்மிக்கொண்டே இருக்கும் யானையும் என் மேசையில் பிறந்தவை. உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றின் கண்ணிலும் எங்கோ ஒரு புள்ளி இருக்கும். துடைக்காதீர்கள்.

தம்பிகளே, தங்கைகளே! கருவி விலைக்குக் கிடைக்கும். வித்தை தேடினால் கிடைக்கும். கண்? அழகான கண்கள், அளவான கண்கள், ஆயிரம் பேருக்குப் பொருந்தும் கண்கள் எல்லாக் கோப்புறைகளிலும் குவிந்து கிடக்கின்றன. எடுத்து ஒட்டுவது எளிது. ஊரும் ஒத்துக்கொள்ளும். ஆனால் ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் அதைச் சுவரின் பக்கம் திருப்பி மாட்டுவார்! அந்த ஒருவருக்காக அழியுங்கள். அந்த ஒருவருக்காக மறுபடி வரையுங்கள். யாரைப் பார்க்கப்போகிற கண் என்று கேட்டுவிட்டு வரையுங்கள்!

கைதட்டலுக்கு நன்றி. கொஞ்சம் பொறுங்கள். வாசலில் யாரோ நிற்கிறார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்திருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். "சொல்லு பாப்பா, நானும் வந்து கேக்கறேன்" என்றவர், முழுக்கதையையும் விட்டுவிட்டு வந்து நிற்கிறார். வழி விடுங்கள் அண்ணா. வாருங்கள் அம்மா, முன்வரிசை நாற்காலி உங்களுக்குத்தான்.

ஏம்மா இவ்வளவு நேரம்?

அவர் உட்காரட்டும். அழைத்த தலைவிக்கும், பொறுத்த பெரியோர்களுக்கும், கண்ணைக் கடன் கொடுத்த என் அம்மாவுக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன். வணக்கம்.