இரும்பு இல்லாத இடம்

— அந்த ட்ரில்லைக் கீழ வைம்மா! ஓட்டை போடறது என் வேலை. நீ போட்டு வெச்சிருக்கறதைப் பாரு, எலி கடிச்ச மாதிரி இருக்கு.

— காலையில வர்றேன்னு சொன்னீங்க. மத்தியானம் ஆச்சு. நான் எவ்வளவு நேரம்தான் சும்மா உக்காந்திருக்கறது?

— நாலு கடை ஏறி இறங்கித்தான் இந்த ஆட்டோபைலட்டைத் தேடிப் பிடிச்சேன். இந்தத் துறையில எத்தனை படகுக்கு ஒயர் இழுத்திருக்கேன், ஒருத்தரும் என்னை இந்த விரட்டு விரட்டினதில்ல. கூடப் பொறந்தவளா போயிட்ட, என்ன பண்றது.

— நேத்து நான் தனியா போய்ப் பாத்தேண்ணே.

— என்னது? ஆள் இல்லாம மிதந்த படகை இழுத்துட்டு வந்து இங்க கட்டியிருக்காங்க, அதையே எடுத்துக்கிட்டு தனியா போனியா?

— போனேன். சுக்கானைப் பிடிச்சா தண்ணியைப் பாக்க முடியல. தண்ணியைப் பாத்தா படகு தன் இஷ்டத்துக்குத் திரும்புது. இந்த மெஷின் நேரா ஓட்டட்டும். எனக்கு ரெண்டு கண்ணும் தண்ணியில இருக்கணும்.

— மீட்புக்காரங்களே தேடறதை நிறுத்திட்டாங்கம்மா.

— நிறுத்துவாங்க. அவங்களுக்கென்ன, காணாமப் போனது அவங்க புருஷனா?

— சரி, சரி, அழாத. மாப்பிள்ளை லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காரு. எங்கயாவது மிதந்துக்கிட்டுதான் இருப்பாரு.

— பேசாம வேலையைப் பாருங்கண்ணே.

— பாத்துக்கிட்டுதானே இருக்கேன். இந்தா பாரு, பேட்டரிக்கு ஒயர் போயாச்சு, நடுவுல ஃபியூஸும் போட்டாச்சு. சுக்கான் மோட்டாரும் முடிஞ்சுது. திசை காட்டற இந்தக் காம்பஸ் டப்பா ஒண்ணுதான் பாக்கி. மெஷினுக்குக் கண்ணே இதுதான். பக்கத்துல இரும்பு இருந்தா புத்தி கெட்டுப் போயிடும், ஒரு பக்கம் போகச் சொன்னா இன்னொரு பக்கம் போகும்.

— வாசல்கிட்ட வைங்க.

— அதுக்குக் கீழதான் இன்ஜின்.

— முன்னாடி?

— நங்கூரச் சங்கிலி கிடக்குது.

— கண்ணாடிக்குப் பக்கத்துல?

— மாப்பிள்ளை பாட்டுக் கேக்கற ஸ்பீக்கர் இருக்குல்ல, அதுக்குள்ள காந்தம். இருக்கறது ஒரே இடம்தான். நட்ட நடுவுல, நீ உக்காந்திருக்கியே, அந்தப் படுக்கைப் பலகைக்கு அடியில. எந்திரி.

— இங்க வேண்டாம்.

— ஏன்?

— ஈரம்.

— ஏம்மா, இந்தப் பலகை போட்டதே நான்தான். ஒரு சொட்டு இறங்காது.

— வேண்டாம்னா வேண்டாம்ணே! இன்ஜின் மேலயே வெச்சுத் தொலைங்க.

— உனக்கென்ன பைத்தியமா? படகு எங்க போய் முட்டும்னு யாருக்குத் தெரியும்? அவரு போனது பத்தாதா? உன்னையும் தொலைச்சுட்டு அம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

— எங்கயும் முட்டாது. எனக்குத் தெற்கே போகணும், அவ்வளவுதான்.

— தெற்கேயா? ஜாக்கெட் போட்ட ஆளு மேலாக மிதப்பாரு, காத்து வடக்கே தள்ளும்னு கணக்குப் போட்டுத்தானே எல்லாரும் அங்க தேடினாங்க? ஜாக்கெட் இல்லாம தண்ணிக்குள்ள கிடக்கறவங்களைத்தான் நீரோட்டம் தெற்கே இழுக்கும். அங்க போய் நீ என்னத்தைத் தேடப் போற? எந்திரி முதல்ல.

— அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். பலகையைத் தூக்காதீங்க.

— ஐயோ, காலை விடும்மா, என்னம்மா இது... பலகையில ஒரு ஸ்க்ரூவையும் காணோம். யாரு கழட்டினது? இது என்ன, ஆரஞ்சு கலர்ல... அடக் கடவுளே! மாப்பிள்ளையோட ஜாக்கெட்டும்மா இது! இதைப் போட்டுக்கிட்டுப் போனாருன்னு நீதானே சொன்ன?

— காத்து சரியில்ல, போகாதீங்கன்னு கெஞ்சினேன். வலையை எடுத்துட்டு வந்துடறேன்னாரு. இது இல்லாம ஒரு நாளும் கடலுக்குப் போனதில்லண்ணே அவரு. ஒளிச்சு வெச்சா நின்னுடுவாருன்னு நெனச்சேன். வீம்புக்குப் போயிட்டாரு. அவர் காலடியிலயே கிடந்திருக்கு.

— பாவி! மீட்புக்காரங்க கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?

— ஜாக்கெட் போட்டிருந்தாரான்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. பக்கத்துல என் மாமியார் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்.

— ஐயோ, ஐயோ... அத்தனை படகும் வடக்கே போச்சேம்மா!

— போச்சு. ஜாக்கெட் போட்ட ஒரு ஆளைத் தேடிட்டுத் திரும்பி வந்துட்டாங்க. அவரை இன்னும் யாருமே தேடலண்ணே.