மருந்தும் மாவும்

இதனுடன் இணைத்த தாளில் உள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது முப்பத்தெட்டு. பேக்கரியில் மாவு சலித்து, பிசைந்து அடுப்பில் வைக்கும் வேலை செய்கிறேன். இந்தப் புகாரைக் கொடுத்தவர் என் உடன்பிறந்த அண்ணன். பாதிக்கப்பட்டவர் அவர் மனைவி, என் அண்ணி. அவர் அதே பேக்கரியில் பொட்டலம் கட்டுகிறார். எனக்கும் அண்ணிக்கும் பல வருடங்களாக ஆஸ்துமா. வீட்டில் அண்ணன் எங்களை "ரெண்டு விசில் குக்கர்" என்று கேலி செய்வார்.

சென்ற வருடக் கடைசியில், ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவில் புதிய மருந்தைச் சோதிக்க ஆள் சேர்ப்பதாகத் தெரிந்து இருவரும் போனோம். பாதிப் பேருக்கு மருந்துள்ள இன்ஹேலரும், மீதிப் பேருக்குப் பார்க்க அதே போலிருக்கும் மருந்தில்லாத இன்ஹேலரும் தரப்படும், யாருக்கு எது என்று தனக்கே தெரியாது, பழைய மருந்துகளை யாரும் நிறுத்தக்கூடாது, மாவுத் தூசியிலிருந்து விலகியிருப்பது நல்லது என்று அங்கிருந்த டாக்டரம்மா விளக்கினார். புரிந்துகொண்டுதான் சம்மதித்தோம். யாரும் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு சில வாரங்களில் அண்ணி மாடிப்படியைப் பேசிக்கொண்டே ஏறினார். நான் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு ஒருநாள் அண்ணி, "தம்பி, இனிமே நீங்க மாவு சலிக்க வேணாம். மில்லுலேருந்தே சலிச்சு வருது" என்றார். மறுநாள் முதல் நான் வரும்போது மாவு தயாராக இருந்ததால் நம்பிவிட்டேன். அதன் பிறகு எனக்கு மூச்சு இலேசாயிற்று. ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதிக் காட்டியபோது டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. அண்ணிக்கு இருமல் திரும்பியது. கேட்டால் சளி என்பார்.

சம்பவத்தன்று காலை நான் வேலைக்குப் போனபோது, சாமான் அறையில் அண்ணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சல்லடை. தலைமுடி, புருவம் எல்லாம் மாவு. உதடு நீலம் பாரித்திருந்தது. பேச வரவில்லை. அவர் பையிலிருந்த, திணறல் வந்தால் இழுக்கும் பழைய இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினேன். அதன் பிறகு முதலாளியின் ரொட்டி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஓடிவந்த அண்ணன் வராந்தாவில், "தம்பிக்கு மருந்து, என் பொண்டாட்டிக்கு வெறுங்காத்தா?" என்று டாக்டரம்மாவிடம் கத்தினார். சிகிச்சைக்குத் தெரிய வேண்டியிருந்ததால், அண்ணிக்குத் தரப்பட்டது எது என்பதை மட்டும் டாக்டரம்மா அப்போதுதான் கேட்டு அறிந்தார். மருந்துதான். அண்ணன் அதை நம்பாமல் நேராகப் போலீஸ் நிலையத்துக்கு வந்து டாக்டரம்மா மீது புகார் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அண்ணிக்குப் பேச்சு வந்தது. மில் கதை பொய்யா என்று கேட்டேன்.

"படி ஏறினப்பவே தெரிஞ்சுபோச்சு தம்பி, மருந்து எனக்குத்தான்னு. வெறுங்காத்த இழுத்துக்கிட்டிருக்கிற ஆள மாவுல நிக்கவைக்க மனசு வரல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"சொன்னா விடுவீங்களா?"

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் வந்து அண்ணியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "மருந்து போட்டாலும் மாவு மாவுதாங்க" என்றார். அண்ணி இப்போது தேறி வீட்டில் இருக்கிறார்.

அண்ணன் வெளியே பெஞ்சில் இருக்கிறார். அவர் புகாருக்கு எதிராகத்தான் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டே உள்ளே வந்தேன். என் முகத்தைப் பார்க்காமல், "போ, உள்ளதச் சொல்லு" என்றார். டாக்டரம்மா மீது தவறில்லை. அண்ணன் பயத்தில் கொடுத்த புகார் இது. அவர் மீதும் நடவடிக்கை வேண்டாம்.

மேலே உள்ளவை நான் கண்டதும் என் காதால் கேட்டதும். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. படித்துக் காட்டியபோது, அண்ணி தானாக வரவழைத்துக்கொண்ட ஆபத்து என்று ஓரிடத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு, எனக்காக மாவு சலித்தார் என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார்கள். அதன் பிறகு கையொப்பமிட்டேன்.